ஏழு கருங்கல் படிகளும் ஒரு மண் கரையும்

சென்ற மாசி மாதம் இரண்டாம் வாரத்தில், ஒரு புதன்கிழமை, நான் பேரையூர்ப் பக்கம் போனேன். கோயில் குளம் பார்க்கவோ கல்யாணத்துக்கோ போகவில்லை. நான் வரைந்து கட்டிய கட்டிடம் ஒன்றுக்குள் ஒரு தெருக்காரர்கள் எல்லோரும் நுழைய மறுக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று கிளம்பினேன். இரண்டு நாள் வேலை என்று வீட்டில் சொன்னேன். எட்டு நாள் ஆயிற்று.

எனக்கு மதுரை கோரிப்பாளையம். தர்காவுக்குப் பின்தெருவில் வீடு. பதினாறு வருஷமாக ஒரு காண்டிராக்டரிடம் வரைபடம் போடும் வேலை. நான் வரைந்த கடைகள், கிட்டங்கிகள், வீடுகள் மதுரையில் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. வாடகைக்கு விட்டார்கள், குடியிருந்தார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு கட்டிடத்தைப் பற்றித்தான் நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஒரு பஞ்சு வியாபாரி, பிரசவத்தில் இறந்துபோன தன் மனைவியின் பெயரில், அந்த அம்மாள் பிறந்த ஊரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்ட ஆசைப்பட்டார். பேரையூரிலிருந்து நாலு மைல் தள்ளிய கரிசல் காட்டு ஊர் அது. பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். "பாக்குறவன் அசந்து போகணும்" என்று வியாபாரி சொன்னார். அசத்தினேன். ஒரு கூடம், இரண்டு அறை, முன்னால் நாலு தூண். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் என்பதால் தரையை மூன்றரை அடி உயர்த்தினேன். அந்த உயரத்துக்கு ஏழு படி. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கருங்கல்லை வண்டியில் வரவழைத்து, இழைத்து, ஓரம் உருட்டிப் போட்ட படிகள். திறப்பு விழாவில் வந்தவர்கள் கட்டிடத்தைவிடப் படிகளைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அங்குள்ள நர்சம்மா வியாபாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் அதை என் கையில் கொடுத்தார். ஊரின் தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெண்கூட உள்ளே வருவதில்லை. முந்தின வருஷம் ஐப்பசியில் சடச்சி என்ற பெண்ணை வலியோடு வண்டியில் கொண்டுவந்தார்கள். அவள் படியேறவில்லை. கொட்டுகிற மழையில், கீழ்ப்படிக்குக் கீழே, வண்டியிலேயே பிரசவம் ஆயிற்று. பிள்ளை பிழைக்கவில்லை. 'அவளுக்கு இப்போது மறுபடியும் நிறைமாதம். கட்டியவர் வந்து பார்க்கட்டும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

"அந்தப் புள்ள உள்ள வந்து படுக்கணும்வே. அதுவரைக்கும் நீரு என் மொகத்துல முழிக்காதீரு" என்றார் வியாபாரி. அவர் மனைவி கட்டில் இல்லாமல் சாகவில்லை. மதுரையில் நல்ல கட்டிலில்தான் போனார். ஆனாலும் அந்த மனிதர் கண் கலங்கிப்போய்ச் சொன்னதால் நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். தெற்குத் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் காட்டில் உழைப்பவர்கள். ஊர்க் கோயிலுக்குள் போகக்கூடாது, ஊர்க் கிணற்றில் இறைக்கக்கூடாது. நிலம் வைத்திருக்கிற மேலத்தெரு ஆட்கள் ஆஸ்பத்திரியிலும் தடுத்திருப்பார்கள். அதற்கு என் பையில் பதிலும் தயாராக இருந்தது. கட்டிடத்தின் பின்பக்கம் தனியாக ஒரு வாசல், மூன்று சின்னப் படி, மேலே ஒரு தகரச் சாய்ப்பு. ஒரே இரவில் வரைந்து முடித்த படம். இதைவிடச் சுலபமான வேலை உண்டா என்று எனக்கே என்மேல் சந்தோஷம்.

போக நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன். காலை ஐந்தரைக்குக் கோரிப்பாளையத்தில் ஜட்கா பிடித்து, வைகைப் பாலம் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். ஜட்காக்காரன் இரண்டு பேருக்கு ஆறணா வாங்கினான். நாலணாதான் நியாயம், பேரம் பேசுங்கள். கூட வந்தது என் மனைவியின் அண்ணன் காதர். அந்தப் படிகளை இழைத்துப் பதித்த கொத்தனார் அவர்தான். பஸ் ஏழு மணிக்கு என்றார்கள், ஏழே முக்காலுக்குக் கிளம்பியது. யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது, கரி அடுப்பு வைத்த பஸ். பேரையூருக்கு முப்பது மைல், டிக்கெட் பன்னிரண்டணா. திருமங்கலம் வரை ஒழுங்காகப் போனது. அதற்கப்புறம் மேடு வந்த இடமெல்லாம் நின்றது.

"அண்ணே, எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்றார் டிரைவர்.

"பன்னண்டணா குடுத்தது உக்காந்து போறதுக்காடா, தள்ளுறதுக்கா?" என்று கேட்டார் காதர் மச்சான்.

"உக்காந்து போற சார்ஜு பத்தணாண்ணே. ரெண்டணா நீங்க தள்ளுறதுக்கு" என்றார் அவர், சிரிக்காமல்.

கல்லுப்பட்டியில் இறங்கிக் காப்பி குடிக்கலாம், சுமாராக இருக்கும். பேரையூர் வந்து சேர மணி பதினொன்றரை. அங்கிருந்து நாலு மைல் மாட்டு வண்டி, எட்டணா. இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. மாசியில் போனால் அந்தக் காட்டைப் பார்ப்பதற்காகவே போகலாம். குடிதண்ணீர் மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

தூரத்தில் கட்டிடம் தெரிந்ததும் மச்சான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வெள்ளைச் சுவர், நாலு தூண், கீழே கறுப்பாக ஏழு படி. "மாப்ள, சத்தியமா சொல்றேன், அழகுடா" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கட்டியவனுக்கு இந்தப் பெருமை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நர்சம்மா நாசரேத்துப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே படிக்குக் கீழே அழைத்துப் போனார். அங்கே செருப்பில்லாத காலடிகள் பதிந்து பதிந்து தரை கட்டாந்தரையாகக் கிடந்தது. "இதுதான் அவுக வார்டு" என்றார். "கீழ நின்னு கூப்பிடுவாக. நான் எறங்கி வந்து கட்டுக் கட்டுவேன், மருந்து குடுப்பேன். பிரசவம்னா வீட்டுக்கே போயிருவேன். போன எடத்துல வெந்நி கூட இருக்காது. கட்டில் ரெண்டு மேல சும்மா கெடக்கு." பையிலிருந்து என் படத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல ஊருக்குள்ள போயி ரெண்டு எடத்துல கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

முதலில் நாட்டாமை வீட்டுக்குப் போனேன், சண்டைக்குத் தயாராகவே. மேலத்தெருவில் பெரிய வீடு. வாசலில் ஏழு படி இருந்தது. எண்ணிப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். துணி வெளுப்பவர் வந்து மூட்டையை இரண்டாம் படியில் வைத்துவிட்டு ஒதுங்கினார். எண்ணெய் கொண்டுவந்தவர் நாலாம் படியில் நின்று அளந்தார். மாட்டுக்காரன் ஒருவன் வந்து, படிக்குப் பத்தடி தள்ளித் தரையிலேயே நின்றான். என்னை மேலே வரை விட்டார்கள். யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. அவரவர் கால் அவரவர் படியில் தானாகப் போய் நின்றது.

நாட்டாமை மரியாதையான மனிதர். "ராவுத்தரே, நாங்க யாரையாச்சும் ஏறாதேன்னு சொல்லியிருக்கமா? கேட்டுப் பாருங்க. ஒத்த வார்த்த சொல்லியிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். அவுகளா ஏறல, நாங்க என்ன செய்ய?" என்றார். சண்டைக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பேசாம கொல்லப்பக்கம் ஒரு வாசலத் தொறந்து விட்டுருங்க. அவுகளுக்கும் சங்கடம் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல."

என் பையில் இருந்த அதே யோசனை. அவர் வாயிலிருந்து வந்தபோது அது அவ்வளவு நன்றாக இல்லை. 'நமக்கும்' என்று சொல்லி என்னையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். ஆனால் எனக்கு மோர் வந்தது தனி லோட்டாவில்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தெற்குத் தெருவுக்குப் போனோம். சடச்சி அங்கே இல்லை, பருத்திக் காட்டில் நின்றாள். நிறைமாத வயிற்றோடு, மடியில் பருத்தியைக் கட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். அவள் கணவன் முத்தன் எங்களைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். நான் படத்தை விரித்து விளக்கினேன். இனி யாரையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்களுக்கென்றே ஒரு வாசல் என்றேன்.

சடச்சி காகிதத்தைக் கிட்டே வந்து பார்த்தாள். "எங்க வாசலு எங்கன வருது அய்யா?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"நர்சம்மா அழுக்குத் துணி பொதைக்கிற குழிப் பக்கமா?"

அங்கேதான் குழி இருந்தது. வரையும்போது அது நினைவுக்கே வரவில்லை.

"வேணாம் அய்யா" என்றாள். "இப்ப அங்கன ஒத்த வாசல்தான் இருக்கு. அது அவுக வாசலுன்னு யாரும் சொல்லல. நாங்க ஏறாம நிக்கிறோம், அம்புட்டுத்தான். நீங்க ரெண்டாவது ஒண்ணு வச்சீகன்னா, மொத வாசலு அவுகளுதுன்னு ஆயிரும்ல?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. நான் ஒரே இரவில் வரைந்ததை அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாளே என்று என்மேலேயே வந்த கோபம். அதை மறைத்துக்கொண்டு, "அப்ப முன்வாசல்லயே ஏறேன் தாயி. யாருதான் தடுத்தது?" என்றேன்.

"யாரும் தடுக்கல. அன்னைக்கி மழ. ஊரே கதவச் சாத்திட்டுக் கெடந்துச்சு. நர்சம்மா கையப் பிடிச்சு இழுத்தாக. மொதப் படியில கால வச்சேன் அய்யா. ஒடம்பு வெடவெடன்னு ஆடுச்சு. வலி இல்ல, வேற என்னமோ. ரெண்டாவது கால் எழும்பவே இல்ல. எம்புள்ள போகப்போகுதுன்னு தெரியுது, காலு வரல." சொல்லிவிட்டு அவள் மறுபடியும் பருத்தி எடுக்கக் குனிந்தாள்.

முத்தன் தூரத்திலிருந்தே பேசினான். "படியளக்குறவுக வீட்டுப் படி ஏறி எங்களுக்குப் பழக்கம் இல்லைங்க. எங்கய்யா ஏறல, நானும் ஏறல. உங்க ஆசுபத்திரி அவுக வீடு மாதிரியே இருக்கே."

அந்தப் படத்தை அங்கேயே நாலாகக் கிழித்தேன். ஊருக்கு அழகு சேர்ப்பதாக நினைத்து நான் கொண்டுபோய் வைத்தது நாட்டாமை வீட்டு வாசலை. கல்லில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்த ஊர்க் கால்களுக்கு அதில் எழுதியிருந்தது தெரிந்தது. மூன்றரை அடி உயரம் வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அந்த உயரத்தை எதன்மேல் ஏறி அடைவது என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று பதினாறு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரம், நானும் மச்சானும் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தோம். கரைமேல் ஊரே போய்வந்துகொண்டிருந்தது. மாடுகள் ஏறின. தெற்குத் தெருப் பெண்கள் புல்லுக்கட்டோடு ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். எதிரே நாட்டாமையின் தம்பி குடையோடு வந்தார். இவர்கள் கொஞ்சம் ஒதுங்கினார்கள், ஆனால் யாரும் கரையைவிட்டு இறங்கவில்லை.

மச்சான் முழத்தால் கரையை அளந்துகொண்டிருந்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும். "மாப்ள, இந்தக் கரை ஒசரம் பன்னண்டு அடிடா. உன் படி மூணரை அடி. இதுல ஏறுறாகளே, இது ஏத்தம் இல்லையா?"

"இது கரை மச்சான். அது படி" என்றேன், எரிச்சலோடு.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. மச்சானும் என்னையே பார்த்தார். படி என்று ஒன்று இருந்தால்தானே படியேறக்கூடாது? எழுந்து கட்டிடத்துக்கு ஓட்டமாக நடந்தோம். இருபத்தெட்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், தரையிலிருந்து வாசல்வரை ஒரே சரிவாக மண் கரை. வண்டியே மேலே போய் நிற்கும். நர்சம்மாவிடம் சொன்னேன். "ஏழு படியும் உள்ள போயிருமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பொய். நெஞ்சு வலித்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை தெற்குத் தெருவில் போய்ச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கண்மாய்க் கரையா என்று. ஆனால் கரை போடுவதைப் பற்றி அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஊர்க் கண்மாயை வருஷா வருஷம் மண்போட்டுக் காப்பவர்களே அவர்கள்தான். கரிசல் கூடாது, ஓடைச் சரளை வேண்டும், அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும் என்று அவர்கள் எனக்குச் சொன்னார்கள். நாற்பது பேர் வந்தார்கள். பாதி நாள் பருத்திக் காடு, பாதி நாள் இங்கே. கூலி கொடுக்கப் போனேன். "ஆசுபத்திரிக்குத்தான, கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பிடிவாதமாகப் பொழுதுக்கும் பொரிகடலையும் கருப்பட்டிக் காப்பியும் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் கூடை மண் விழும் முன் மச்சான் குறுக்கே போய் நின்றார். "இருங்கப்பா, மணல் ஒரு சுத்துப் பரப்பிக்கிறேன். கல்லு மொகத்துல சரளை கீறிரும்."

"இனிமே யாரு மச்சான் பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியும்ல மாப்ள" என்று சொல்லிவிட்டு, ஏழு படிக்கும் கையாலேயே மணல் பரப்பினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றுகொண்டேன்.

சடச்சியும் வந்தாள். நர்சம்மா திட்டினார். "உக்காந்துக்கிட்டு இருக்க முடியாது நர்சம்மா" என்று சின்னக் கூடையில் நாலு தரம் மண் கொண்டுவந்து போட்டாள். நாலுக்கு மேல் விடமாட்டேன் என்று நர்சம்மா கூடையைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நானும் மச்சானும் ஓடையோரம் தொழுதுகொண்டோம். பேரையூர் போய்த் திரும்ப நேரமில்லை. அவள் நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது, எங்களுக்கு ஒவ்வொரு மணியும் அவசரம்.

சனிக்கிழமை நாட்டாமை வந்தார். பாதி மூடிய படிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நிஜமாகவே வருத்தப்பட்டார். "என்ன ராவுத்தரே, அம்புட்டு அழகான கல்லப் பொதைக்கிறீகளே?"

"பிரசவ வண்டி மேல வரணும்ங்க. கரை போடுறோம்."

"கரையா, வாசலா?"

"கரைதான்."

சரிவை மேலும் கீழும் பார்த்தார். அவர் புத்திசாலி, புரிந்துவிட்டது. கரையில் நடக்காதே என்று அந்தச் சீமையில் எவரும் எவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாயும் வராது. "சரி. எங்க வீட்டுப் பொம்பளைக இனிமே இங்க வரமாட்டாக. சொல்லிட்டேன்" என்று போனார். நான் பயந்துபோய் நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் வெந்நீர்ப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வராட்டிப் போகட்டும். வலி வந்தா வழி தெரியும்" என்றார். ஞாயிறு மாலை கரை முடிந்தது. மச்சான் அதன்மேல் கால் உதைத்து நடந்து பார்த்து, ஒரு இடத்தில் இன்னும் ஒரு இடி இடிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டி வந்தது. முத்தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு சரிவின் அடியில் நின்றான். நான் மேலே கொண்டுவரச் சொன்னேன். "இல்ல, நடக்கிறேன்" என்றாள் சடச்சி. இறங்கினாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்தாள். பாதியில் ஒரு வலி வந்தது, நின்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள். தெற்குத் தெரு முழுக்கக் கீழே நின்றது. மேலத்தெருவிலிருந்தும் சிலர் தள்ளி நின்று பார்த்தார்கள். இருபத்தெட்டு அடியையும் நடந்து தூண் அருகே வந்து, கதவுக்கு எதிரே வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கதவு நிலைக்கு அடியில் மூன்று அங்குல உயரத்தில் தேக்குக் கட்டை. வாசப்படி. ஏழு படியைப் புதைத்த நான் எட்டாவதை மறந்துபோயிருந்தேன். அதற்கும் படி என்றுதானே பெயர்.

"இதுவும் படிதான?" என்றாள், யாரையும் பார்க்காமல். கால் நடுங்குவது கண்டாங்கிச் சேலைக்கு மேலேயே தெரிந்தது.

என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. மச்சான் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒரு நிமிசம் தங்கச்சி, வெட்டி எடுத்துர்றேன், ஒரே நிமிசம்" என்று மூச்சு வாங்கினார். நர்சம்மா உள்ளே கையை நீட்டியபடி நின்றார்; இந்தத் தடவை இழுக்கவில்லை.

"வேணாம்ணே" என்றாள் சடச்சி. பின்னால் திரும்பிச் சரிவைப் பார்த்தாள். "நாலு கூட மண்ணு நானும் போட்டிருக்கேன். எம்மண்ணு மேலதான நிக்கிறேன், எதுக்கு நடுங்கணும்?" தன் காலைப் பார்த்தே அதட்டுவது போலச் சொன்னாள். பிறகு வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். இடது கால் வர நேரமாயிற்று. அதுவும் வந்தது. நர்சம்மா கதவைச் சாத்தினார்.

ஐந்து மணிக்குப் பெண் குழந்தை அழும் சத்தம் கேட்டது. முத்தன் கரையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதான். மச்சான் உளியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

புதன்கிழமை நாங்கள் கிளம்பும்போது சடச்சி தூணில் சாய்ந்து குழந்தையோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டிடத்துக்குத் தூண் எதற்கு என்று வரைந்தபோது எனக்கே தெரியாது. சாய்ந்து உட்காரத்தான் போலிருக்கிறது. விடைபெற்றேன். நன்றி ஏதாவது சொல்வாள் என்று என் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. அவள் கரையின் ஓரத்தைக் காட்டினாள்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் அருகம்புல்லுப் பதிக்காம போறீகளே? ஐப்பசி மழைக்கு நம்ம கரை கரைஞ்சிராது?"

அய்யா என்று கூப்பிட்டவள் அண்ணே என்றதையும், நம்ம கரை என்றதையும் பஸ்ஸில் முப்பது மைலும் நினைத்துக்கொண்டே வந்தேன். புல்லுக்கு முத்தனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வியாபாரியிடம் போய் முழு விஷயத்தையும் சொன்னேன். படி போன வருத்தம் அவருக்கும் கொஞ்சம் இருந்தது. குழந்தையின் எடை எவ்வளவு என்று மூன்று தரம் கேட்டார்.

கட்டிடம் கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த ஊருக்குப் படம் போடுகிறீர்களோ அந்த ஊரில் ஒரு நாள் முழுவதும் சும்மா உட்காருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கால் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். எனக்கு அந்த ஒரு நாளின் விலை ஒரு பிள்ளையின் உயிர். அது என் கணக்கில்தான் இருக்கிறது, இன்னொரு பிள்ளை பிழைத்ததால் அது தீர்ந்துவிடாது.

பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். மதுரையிலிருந்து காலை பஸ், பேரையூரில் வண்டி, மொத்தம் ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குள் போய்ச் சேரலாம். திரும்ப அன்றே பஸ் கிடையாது. பேரையூரில் கடைவீதியில் இரவு தங்க இடம் கிடைக்கும், கொசு உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், பேரையூரில் எவரைக் கேட்டாலும் கரை ஆஸ்பத்திரி என்று வழி சொல்கிறார்கள். வியாபாரியின் மனைவி பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. மண் கரை என்பது ஒரு தடவை போட்டால் முடிகிற வேலை இல்லை. மழை அரிக்கும், வண்டிச் சக்கரம் பள்ளம் போடும். பக்கத்து ஓடையில் சரளை இருக்கிறது, கூடை நர்சம்மாவிடம் இருக்கிறது. போகிறவர்கள் ஆளுக்கு நாலு கூடை போட்டுவிட்டு வாருங்கள்.